நகைச்சுவை ஆய்விதழுக்கு அட்டைப்படம் வரைவது எப்படி?

ஆய்வுக் கட்டுரையின் நடை, அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு அபத்தமான ஒரு விஷயத்தை அலசுகிற இதழ்கள் சில உண்டு. வைரஸ் ஆய்வாளர் அலெக்சாண்டர் கோனும் இயற்பியலாளர் ஹாரி லிப்கினும் 1955-இல் இஸ்ரேலில் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் இர்ரெப்ரொட்யூசிபிள் ரிசல்ட்ஸ்' அந்த வகை. 1995 முதல் வரும் 'அன்னல்ஸ் ஆஃப் இம்ப்ராபபிள் ரிசர்ச்' அதே குடும்பம். இப்படிப்பட்ட இதழுக்கு முதன்முறையாக அட்டைப்படம் வரையப் போகிறவர் பெரும்பாலும் செய்வது, படத்தையும் சிரிக்க வைத்துவிடுவது: பிதுங்கிய கண், கலைந்த தலைமுடி, பொங்கி வழியும் பச்சைக் குடுவை. அதைப் பார்த்தால் சிறுவர் இதழின் அட்டை மாதிரி இருக்கும். ஆய்விதழ் என்ற நினைப்பே வராது.

இங்கே நகைச்சுவை பிறப்பது படத்தின் முகம் இறுக்கமாக இருப்பதால்தான். பாடநூலில் வரும் விளக்கப்படத்தைப் போல எல்லாம் மிகச் சரியாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் தப்பாக இருக்க வேண்டும், அதுவும் தெரிந்தே செய்த தப்பாக. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு ஆண்டுதோறும் தரும் இக் நோபெல் பரிசின் சின்னத்தைப் பாருங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் 'சிந்தனையாளன்' சிலை பீடத்திலிருந்து விழுந்து மல்லாந்து கிடக்கிறது, அவ்வளவுதான். மூக்கில் கோமாளிப் பந்து இல்லை, வாயில் வசனம் இல்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஒற்றைத் தப்பைக் காப்பாற்றுவதற்காகவே.

இதழ் எந்த வகை?

நகைச்சுவையை ஆராயும் இதழ் வேறு, ஆய்வு வேஷம் போட்டு நகைச்சுவை செய்யும் இதழ் வேறு. 1988 முதல் வெளிவரும் 'ஹியூமர்' என்ற ஆய்விதழ் முதல் வகை. அதில் வருவது சிரிப்பின் மொழியியல், உளவியல் பற்றிய நிஜமான ஆய்வு. அந்த வகை இதழ் அட்டைப்படமே வேண்டாம் என்று சொல்லலாம், அல்லது அடக்கமான ஓவியம் ஒன்று கேட்கலாம். இரண்டாவது வகைக்குத்தான் இந்த வழிகாட்டி முழுமையாகப் பொருந்தும்.

இரண்டும் கலந்த இதழும் இருந்திருக்கிறது. பிளனேரியா புழுக்களை ஆராய்ந்த ஜேம்ஸ் மெக்கானல் 1959-இல் தொடங்கிய 'வோர்ம் ரன்னர்ஸ் டைஜஸ்ட்' நிஜ ஆய்வையும் கேலியையும் சேர்த்தே அச்சிட்டது. எது எது என்று வாசகர் குழம்பவே, பின்னாளில் கேலிப் பகுதியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து அச்சிட்டார்கள். உங்களுக்கு வரும் இதழ் அந்த மாதிரி என்றால் பின்னட்டை என்று ஒன்று இருக்காது. முன்னட்டை இரண்டு வரைய வேண்டும். கூலி பேசுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை

பென்சிலை எடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டிய விவரங்கள்: வெட்டிய பிறகு இதழின் அளவு என்ன (ஏ4 என்றால் 210 × 297 மி.மீ., பி5 என்றால் 176 × 250 மி.மீ.), உள்பக்கங்கள் எத்தனை, உள்தாளின் தடிமன் என்ன, நடுவில் பின் அடிக்கிறார்களா அல்லது முதுகு வைத்து ஒட்டுகிறார்களா, அட்டைத் தாள் பளபளப்பா மங்கலா, அச்சுக்குப் போகும் தேதி எது. இதழ் இணையத்தில் மட்டும் வருவதாக இருந்தால் இவற்றில் பாதி தேவைப்படாது. ஆனால் 'பிறகு அச்சிட்டாலும் அச்சிடுவோம்' என்று ஒரு வார்த்தை வந்தால்கூட அச்சு அளவிலேயே வரைந்துவிடுங்கள். பெரியதைச் சிறிதாக்கலாம், சிறியதைப் பெரிதாக்கினால் கோடு உடையும்.

எந்தக் கட்டுரைக்கு அட்டைப்படம் என்று தெரிந்ததும் அந்தக் கட்டுரையை முழுதாகப் படியுங்கள். தலைப்பை மட்டும் படித்து வரைந்தது பார்த்தவுடனே தெரிந்துவிடும். நல்ல அட்டைக்கான பொருள் பெரும்பாலும் 'செய்முறை' பகுதியிலோ ஏதாவது ஓர் அட்டவணையின் குறிப்பிலோ ஒளிந்திருக்கும்.

ஒரு யோசனையைப் பிடித்து உருட்டிப் பார்ப்போம்

2017-இல் இயற்பியலுக்கான இக் நோபெல் பரிசு, பூனை திடப்பொருளாகவும் திரவமாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா என்று பாய்மவியல் (பொருள்கள் எப்படி ஓடுகின்றன என்று ஆராயும் துறை) கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வுக்குக் கிடைத்தது. அந்த மாதிரிக் கட்டுரை உங்கள் மேசைக்கு வருகிறது என்று வையுங்கள்.

முதலில் தோன்றுவது: உருகி ஓடும் பூனை. வேண்டாம். அது கேலிச்சித்திரம், கட்டுரை சொல்வதும் அதுவல்ல. பூனை தான் இருக்கும் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் கட்டுரையின் விஷயம். ஆகவே, ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் பூனை. அளவுக்கோடுகள் வரையப்பட்டிருக்கின்றன, பக்கத்தில் கையுறை போட்ட ஒரு கை பேனாவும் குறிப்பேடுமாகக் காத்திருக்கிறது. பூனையின் முகம் எப்படி? பூனை எப்போதும் இருக்கிற மாதிரி, அக்கறையில்லாமல். சிரிக்கும் பூனை வரைந்தால் ஆட்டம் முடிந்தது.

இப்போது கணக்கு. வளர்ந்த பூனை ஏறக்குறைய 4 கிலோ. உடலின் அடர்த்தி தண்ணீருக்கு அருகில் என்பதால் கன அளவும் கிட்டத்தட்ட 4 லிட்டர். அதை '500 மி.லி.' என்று எழுதிய அளவு சிலிண்டரில் போட்டால் அது இரண்டாவது தப்பு, தெரியாமல் செய்த தப்பு. வாசகர் வேதியியலாளர் என்றால் கண் நேரே அங்கேதான் போகும், பூனை மறந்துவிடும். 5 லிட்டர் பீக்கர் வரையுங்கள். பீக்கர் மேலும் கீழும் ஒரே அகலம், ஆகவே அளவுக்கோடுகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும். கூம்புக் குடுவை என்றால் மேலே போகப்போகக் குறுகுவதால் கோடுகளின் இடைவெளி மேலே போகப்போக அகலும். இதைச் சமமாக வரைந்துவிடுபவர்கள் ஏராளம். குனிந்து அளவு பார்க்கும் ஆளையும் சேர்த்தால், அவர் கண் மட்டம் திரவ மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். எந்த மட்டம்? காதை விட்டுவிட்டு முதுகின் மட்டம். இந்த அளவுக்குப் போய் யோசிப்பதுதான் வேடிக்கை. ஆய்வகத்தில் நிற்கிற வாசகருக்கு அந்தக் கண் மட்டம் ஒன்றே போதும்.

யோசனை சரியா என்று பார்க்க இரண்டு சோதனை. ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? 'பூனையின் கன அளவை பீக்கரில் பார்க்கிறார்கள்' என்பது தேறும். 'மேலும்', 'அதோடு' என்று நீட்ட வேண்டியிருந்தால் படத்தில் இரண்டு நகைச்சுவை மோதிக்கொள்கின்றன, ஒன்றை வெட்டுங்கள். அடுத்து, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதில் பீக்கரும் பூனையும் வர வேண்டும்.

பழைய அறிவியல் ஓவியங்களின் பாணியைக் கடன் வாங்குவது இன்னொரு நல்ல வழி. ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட தெள்ளுப்பூச்சி, 1543-இல் வெசாலியஸின் உடற்கூற்று நூலில் கல்லறைமேல் சாய்ந்து யோசிக்கும் எலும்புக்கூடு போன்றவற்றுக்கு இப்போது காப்புரிமைத் தொல்லை இல்லை. ஆனால் நூலகமோ அருங்காட்சியகமோ எடுத்து வைத்திருக்கும் ஸ்கேனுக்குத் தனி நிபந்தனை இருக்கலாம், படித்துப் பாருங்கள். பாணியைப் பிடிப்பதென்றால் முழுதாகப் பிடியுங்கள்: பக்கவாட்டில் ஒளி, சீரான கோட்டு நிழல், 'படம் 1' என்ற எண், உறுப்புகளுக்கு எழுத்துக் குறி. அரைகுறையாகப் பிடித்தால் பழைய படத்தைக் கெடுத்தது போலத்தான் தெரியும்.

சின்ன ரஃப்கள்

இதழின் அதே விகிதத்தில், தீப்பெட்டி அளவில் பதினைந்து இருபது கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் இதழின் பெயரை எழுதிவிட்டுப் பிறகு படத்தை வைக்க வேண்டும். பெயருக்கு உயரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது போகும். படத்தை முடித்துவிட்டுப் பெயருக்கு இடம் தேடுவது புதியவர்களின் வழக்கமான அவதி. பூனையின் காது பெயரின் எழுத்தைத் தொட்டு மறைப்பது அழகுதான், ஆனால் பெயர் நன்கு அறிமுகமான இதழுக்கு மட்டும். அப்போதும் முதல் எழுத்தை மறைக்கக் கூடாது.

ஆசிரியருக்கு மூன்று ரஃப் அனுப்பினால் போதும். ஐந்து அனுப்பினால் ஒன்றின் தலையையும் மற்றொன்றின் வாலையும் ஒட்டச் சொல்வார். மாற்றங்களை இந்தக் கட்டத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மை போட்ட பிறகு வரும் மாற்றத்துக்குத் தனிக் கூலி என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தெரியாமல் நுழையும் தப்புகள்

படிக்கப் போவது துறை வல்லுநர்கள். கால்களை எண்ணுவார்கள். மை போடுவதற்கு முன் பென்சில் படத்தை வைத்து ஒவ்வொரு பொருளையும் நம்பகமான மூலத்தோடு ஒப்பிடுங்கள். அடிக்கடி சறுக்கும் இடங்கள்:

- டி.என்.ஏ. வலச்சுழல் கொண்டது. நேராக நிறுத்திப் பார்த்தால் முன்பக்கம் தெரியும் இழை கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்கு ஏற வேண்டும். ஓவியர் சரியாக வரைந்திருப்பார். லேஅவுட்டில் யாரோ படத்தை இடவலமாகத் திருப்பியதும் இடச்சுழலாகிவிடும். டி.என்.ஏ., எழுத்து, கடிகாரம் எது இருந்தாலும் 'திருப்பக் கூடாது' என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்.
- கார்பனுக்கு நான்கு பிணைப்பு. பென்சீன் வளையத்தில் அலங்காரத்துக்காகச் சேர்த்த கோடு ஐந்தாவது பிணைப்பாகிவிடும்.
- பூச்சியின் ஆறு காலும் மார்புப் பகுதியில் முளைக்கும், வயிற்றில் அல்ல.
- ஒன்றையொன்று கவ்வி வட்டமாக நிற்கும் மூன்று பல்சக்கரங்கள் சுழலவே முடியாது. 'சிந்தனை இயந்திரம்' வரைபவர்கள் எல்லோரும் இதில் விழுகிறார்கள்.
- பிறை நிலாவின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் தெரியாது. அங்கேயும் நிலாதான் இருக்கிறது.
- சதுரங்கப் பலகையில் ஆடுபவரின் வலக்கை மூலை வெள்ளைக் கட்டம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் படம் எடுத்தால் இந்த வகைத் தப்புகள் கொத்துக் கொத்தாக வரும். அதோடு, அத்தகைய படங்களை ஏற்காத ஆய்விதழ்ப் பதிப்பகங்களும் பல. ஆசிரியரிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கோடும் மையும்

ஏ4 அட்டைக்கு ஏ3 தாளில் வரைவது வசதி. கை நடுக்கம் சுருங்கும்போது மறையும். ஆனால் 71% ஆகச் சுருக்கும்போது கோடும் அதே அளவு மெலியும். அச்சில் பாதுகாப்பாக நிற்கும் மிக மெல்லிய கறுப்புக் கோடு ஏறக்குறைய 0.09 மி.மீ.; கறுப்புக்குள் விடும் வெள்ளைக் கோடு என்றால் மை பரவி மூடிக்கொள்ளும் என்பதால் அதைவிட இரண்டு மடங்காவது வேண்டும். 0.1 மி.மீ. பேனாவால் போட்ட கோடு சுருங்கினால் 0.07 ஆகி அங்கங்கே அறுந்துபோகும். ஆகவே 0.2 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். பேனா வாங்கும்போது ஒரு குழப்பம்: எண் எப்போதும் மில்லிமீட்டரைக் குறிக்காது. சகுரா மைக்ரான் 01 என்பது 0.25 மி.மீ., 005 என்பது 0.20 மி.மீ.

கோட்டு நிழலில் கோடுகளுக்கு இடையே கோட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்கு வெள்ளை விடுங்கள். நெருக்கினால் அச்சில் கறுப்புத் திட்டாகும், பீக்கரின் கண்ணாடித்தன்மை போய் மண்பானையாகிவிடும். கண்ணாடியைக் காட்டுவது நிழல் அல்ல, விட்ட வெள்ளைதான்: விளிம்பில் ஒரு தடித்த கோடு, அதை ஒட்டி மெல்லிய வெள்ளைப் பட்டை, உள்ளே இருக்கும் பூனை மயிர் விளிம்பருகே சற்று வளைந்து நெருங்குவது. இவ்வளவு போதும்.

நீரில் கரையாத நிறமி மை, வழுவழுப்பான கனத்த தாள். மை நன்றாகக் காய்ந்த பிறகே அழிரப்பர். அவசரப்பட்டால் கறுப்பு சாம்பலாகும். ஸ்கேன் 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) சாம்பல்நிறப் பயன்முறையில் எடுங்கள். ஏ3-ஐ ஏ4 ஆகச் சுருக்கினால் அது ஏறக்குறைய 850 ஆகிவிடும், கோட்டோவியத்துக்குத் தாராளம். ஏ4 ஸ்கேனர்தான் இருக்கிறதென்றால் மூன்று பகுதியாக, 3 செ.மீ.யாவது மேல்படியும்படி, தாளைச் சுழற்றாமல் எடுத்து ஒட்டுங்கள்.

வண்ணம்

வண்ணம் குறைவாக இருந்தால் ஆய்விதழ் போல இருக்கும். தாளின் மஞ்சள் வெள்ளை, கறுப்புக் கோடு, ஒரு சாம்பல் நீலம், கண் போக வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சூடான நிறம். பீக்கர் அட்டையில் அந்தச் சூடான நிறம் பூனைக்கு. வேறு எதற்கும் தராதீர்கள்.

கணினியில் வேலை செய்யும் ஏ4 கோப்பு, நான்கு புறமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீட்டி வரையும் ஓரம்) சேர்த்து 216 × 303 மி.மீ., 300 டி.பி.ஐ.யில் 2551 × 3579 பிக்சல். எழுத்தும் முக்கிய உறுப்புகளும் வெட்டும் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும். ஓரத்தைச் சுற்றி மெல்லிய கட்டம் போடும் ஆசை எல்லோருக்கும் வரும், பழைய ஆய்விதழ்களில் இருப்பதுதான். ஆனால் வெட்டும்போது 1 மி.மீ. நகர்ந்தாலும் கட்டம் கோணலாகத் தெரியும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள்.

படத்தை சி.எம்.ஒய்.கே.க்கு, அதாவது அச்சின் நான்கு மை நிறங்களுக்கு, மாற்றும்போது இரண்டு விபத்து. பளீர் பச்சையும் ஆழ்ந்த நீலமும் ஆரஞ்சும் மங்கிப்போகும். ஆகவே தொடக்கத்திலேயே அச்சு நிறங்களில் பாருங்கள். மற்றது, கறுப்புக் கோடு நான்கு மைகளாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடு ஒரு நூலிழை நகர்ந்தாலும் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் சிவப்போ நீலமோ நிழல் விழும். கோடுகளைத் தனி லேயரில் வைத்து, மாற்றிய பிறகு கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று ஆக்கி, கீழே உள்ள நிறத்தின் மேலேயே கோடு படியும்படி 'மல்டிப்ளை' கொடுங்கள். பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும் மற்ற மைகளையும் சேர்க்கலாம், மொத்தம் 300% தாண்டாமல். தாண்டினால் மை காயாமல் அடுத்த அட்டையின் பின்புறத்தில் ஒட்டும்.

எழுத்து, முதுகு, பின்னட்டை

அட்டையில் இருக்க வேண்டியவை: இதழ்ப் பெயர், தொகுதி, எண், மாதம், ஆண்டு, ஐ.எஸ்.எஸ்.என். ஐ.எஸ்.எஸ்.என். என்பது ஒவ்வோர் இதழுக்கும் தரும் சர்வதேச அடையாள எண்: எட்டு இலக்கம், நடுவில் சிறுகோடு, கடைசி இலக்கம் எக்ஸ் ஆகவும் இருக்கலாம். வழக்கமான இடம் மேல் வலது மூலை. அச்சு இதழுக்கும் இணைய இதழுக்கும் தனித்தனி எண் உண்டு, மாறிவிடாமல் பாருங்கள். எழுத்துரு நிஜ ஆய்விதழ் போடுகிற மாதிரியே இருக்கட்டும். குதிக்கும் எழுத்துருவும் ஆச்சரியக்குறியும் வேண்டவே வேண்டாம்.

தமிழில் தலைப்பு வைத்தால் மேல் கொக்கிகளுக்கும் கீழ் வளைவுகளுக்கும் வரி இடைவெளி கூடுதலாக விடுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்ற அமைப்பைப் போடாவிட்டால் 'கொ' உடைந்து கொம்பும் காலும் இடம் மாறும். எல்லாம் சரிபார்த்த பின் அட்டை எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றிவிட்டால் அச்சகத்தில் மாறாது. மாற்றாத பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் இதழுக்கு முதுகு கிடையாது. ஒட்டும் இதழுக்கு முதுகின் அகலம்: உள்பக்கங்களைப் பாதியாக்கி, ஒரு தாளின் தடிமனால் பெருக்குங்கள். 96 பக்கம் என்றால் 48 தாள், 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்று கொண்டால் 4.8 மி.மீ. ஏ4 அட்டையின் முழு விரிப்பு 210 + 4.8 + 210, அதோடு ப்ளீட் 6, ஆக 430.8 × 303 மி.மீ. முடிவான எண்ணை அச்சகமே தரட்டும். தாள் மாறினால் அது மாறும். முதுகு 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அங்கே எழுத்து வேண்டாம், நகர்ந்து முன்னட்டைக்கு வந்து நிற்கும். முதுகின் நிறம் விளிம்பில் சரியாக முடிய வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். முன்னட்டை நிறமே சுற்றிப் போகட்டும்.

பார்கோடு தேவை என்றால் 977-இல் தொடங்கும் 13 இலக்கம், பக்கத்தில் இதழ் எண்ணுக்கு இரண்டு இலக்கம். முழு அளவில் முக்கியப் பகுதி மட்டும் 37.29 × 25.93 மி.மீ., 80% வரை சுருக்கலாம். வெள்ளையில் கறுப்பு. வண்ண அழகுக்காகச் சிவப்புக் கோடு போட்டால் ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் ஒன்றுமே தெரியாது.

அட்டைக் குறிப்பும் உரிமையும்

உள்ளட்டையில் 'அட்டைப்படம்' என்று ஐம்பது சொல்லுக்குள் ஒரு குறிப்பு வரும். பல ஓவியர்கள் அதை ஆசிரியரிடமே விட்டுவிடுகிறார்கள், அவரோ படத்தின் நகைச்சுவையை விளக்கிக் கொன்றுவிடுகிறார். நீங்களே எழுதிக் கொடுங்கள், அருங்காட்சியகக் குறிப்பின் தொனியில்: 'வீட்டுப் பூனை (வயது வந்தது), 5 லிட்டர் பீக்கரில், அறை வெப்பநிலையில். மாதிரி படிவதற்கு இருபது நிமிடம் அனுமதிக்கப்பட்டது. காகிதத்தில் மை.' அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இந்த ஓர் இதழின் அட்டைக்கு, அச்சிலும் இணையத்திலும், பயன்படுத்தும் உரிமை மட்டும் கொடுங்கள். சுவரொட்டி, கோப்பை, பனியன் என்று இதழ் விற்கப் போகிறது என்றால் தனியாகப் பேசுங்கள். மூலப் படம் உங்களுடையது என்று ஒரு வரி இருக்கட்டும். புகழ்பெற்ற நிஜ ஆய்விதழின் அட்டை அமைப்பைக் கேலியாகப் பின்பற்றுவதாக இருந்தால் அதன் பெயரெழுத்தையும் சின்னத்தையும் அப்படியே எடுக்காமல், ஆசிரியர் தம் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு வரையுங்கள். உயிரோடு இருக்கும் ஆய்வாளரின் முகம் வருகிறதென்றால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அனுப்பும் முன்

நிஜ அளவில் அச்சடித்து, வெட்டி, வேறு நான்கு இதழ்களோடு மேசையில் போட்டுப் பாருங்கள். பிறகு கறுப்பு வெள்ளையில் ஒன்று. பூனையும் பின்னணியும் ஒரே சாம்பலாகிவிட்டால் நிறத்தின் வெளிச்சத்தை மாற்றுங்கள். நிறக்குருடு உள்ள வாசகருக்கும் இரண்டும் பிரிந்து தெரியாமல் போகலாம். அப்புறம் திரையில் 200 பிக்சல் உயரத்துக்குச் சுருக்குங்கள், தரவுத்தளங்களிலும் பட்டியல்களிலும் அட்டை பெரும்பாலும் அந்த அளவில்தான் தெரியும். பெயரும் பீக்கரும் புரிந்தால் போதும்.

அச்சகத்துக்கு, அச்சுக்கென்றே உள்ள பி.டி.எஃப். வகையான பி.டி.எஃப்./எக்ஸ்-4, அல்லது அவர்கள் பழைய முறை கேட்டால் எக்ஸ்-1ஏ, இணையத்துக்கு ஆர்.ஜி.பி.யில் (திரை நிறங்களில்) தனி ஜெபெக். அச்சகத்திலிருந்து ப்ரூஃப் (சரிபார்க்கும் மாதிரி) வந்ததும் முதலில் தொகுதி எண்ணையும் ஆண்டையும் பாருங்கள். போன இதழின் கோப்பிலிருந்து எடுத்து மாற்ற மறந்தவை அவைதான் அதிகம். கடைசியாக பீக்கரின் எண்களைக் கீழிருந்து மேலாக ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு 'சரி' சொல்லுங்கள்.